டான்யூப் கரையில் கழற்றி வைத்த சப்பாத்து

ஜைனுதீன் ஹாஜியார் தன் மருமகனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒன்றல்ல, ஏழு உறைகள்.

மாத்தளை பிரதான வீதியில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற மனிதர் அவர். மகள் ஜெஸ்லாவைக் கட்டிய றம்ஸீன் எட்டு மாதத்துக்கு முன் ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்டுக்கு வேலைக்குப் போனான். போனவன் அங்கே பார்த்த அதிசயங்களைப் படத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஹாஜியார் அதில் பொறுக்கி எடுத்த ஏழு செய்திகளை அச்சடித்து, லமினேட் பண்ணி, லுஹர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வருகிற வியாபாரிகளுக்கு மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். வியாபாரிகளும் பிஸ்கட் தீரும்வரை தலையாட்டுவார்கள்.

அதே உறைகளை இப்போது மார்ஜரியின் மேசையில் பரப்பிவிட்டு, "இவன் அங்க இல்ல, மிஸ்," என்றார்.

மார்ஜரி இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். பொய் சொல்கிறவன்மேல் அவளுக்குக் கோபம் வருவதில்லை. சோம்பேறித்தனமாகப் பொய் சொல்கிறவனைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

"இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"எட்டு மாசமா படம் வருது. ஒண்ணுலயும் இவன் மூஞ்சி இல்ல. கேட்டா, படம் எடுக்கிறதே நான்தானே மாமாங்கிறான். கோல் எடுத்தா பேசமாட்டான், கம்பனியில விடமாட்டாங்களாம். நேத்து கடையில ஒருத்தன் எல்லார் முன்னாலயும் கேட்டுட்டான், ஹாஜியார், உங்க மருமகன் அங்க பேயாத் திரியிறாரான்னு."

ஜன்னலோரம் நின்ற ஹுஸ்னி இருமினான். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், சொந்தமாக ஓர் ஆட்டோ. மார்ஜரிக்கு அவன்தான் சாரதி, அவன்தான் உதவியாளன். வாய்க்கு மட்டும் சம்பளம் கேட்டதில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார் ஹாஜியார். "காதியார் இருக்கிற நாள். இவன் எங்கள ஏமாத்தினான்னு ஒரு அத்தாட்சி குடுங்க, மகளக் கூட்டிட்டுப் போய் பஸஹ் போட்டுடறேன். இந்தக் கல்யாணம் அதோட முடிஞ்சுது."

பஸஹ் என்பது மனைவி பக்கத்திலிருந்து காதி நீதிமன்றத்தில் கேட்கிற மணமுறிவு. கேட்க வேண்டியவள் மகள். ஆனால் ஹாஜியார் பேசுகிற பேச்சில் மகள் வெறும் கையெழுத்தாகத்தான் இருந்தாள்.

"மகள் சம்மதிப்பாங்களா?"

"அவ பாவம். உக்குவளையில டீச்சர். இவன நம்பிக்கிட்டு எங்க வீட்டுல இருக்கா. அத்தாட்சியக் கண்டா சம்மதிப்பா. ஹாட்வெயார் கடையில ஆணி நிறுத்தவன அவதான் வேணும்னு நின்னு கட்டினா. நான் அப்பவே சொன்னேன், வெளிநாடு போனாத்தான் நீ என் வாசல்ல மருமகன்னு நிக்கலாம்னு. சொன்னது சரியாப் போச்சு பாருங்க."

சொன்னது எப்படிச் சரியாகப் போனது என்று மார்ஜரிக்கு விளங்கவில்லை. ஆனால் எட்டு மாதமாக ஒரு பொண்ணை ஏமாற்றிக்கொண்டிருக்கிறவனைப் பிடித்து இழுத்துவருவதில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பின்னேரத்துக்குள் பதில் சொல்கிறேன் என்று அவரை அனுப்பி வைத்தாள்.

கால்கள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் உறைகளைக் கையில் எடுத்தாள். வாசிக்க வாசிக்க அவளது உதடு கோணிக்கொண்டே போனது.

"கேளு ஹுஸ்னி. 'மேற்குக் கரை புடா, கிழக்குக் கரை பெஸ்ட், நடுவில் டான்யூப் நதி. சங்கிலிப் பாலத்தின் இரு முனைகளிலும் கல் சிங்கங்கள் காவல் இருக்கின்றன. குன்றின்மேல் மீனவர் கொத்தளம், அதில் ஏழு கோபுரங்கள். பாராளுமன்றம் ஆற்றுத் தண்ணீரில் தன் அழகைத் தானே பார்க்கிறது.' இத மனுசன் எழுதினானா, இல்ல சுற்றுலாப் புத்தகமே எந்திரிச்சு வந்து எழுதிச்சா?"

"ஏழு கோபுரத்தையும் எண்ணியிருக்கான் மிஸ். வேலைக்குப் போனவனுக்கு எண்ண எங்க நேரம்?"

அதைத்தான் மார்ஜரியும் நினைத்தாள். உண்மையாகவே வெளிநாடு போன மாத்தளைக்காரன் முதல் வாரம் எழுதுவது நாலே விஷயம்: குளிர், அரிசி, மேலதிகாரியின் குணம், கழிவறையில் தண்ணீர் இல்லாத கொடுமை. றம்ஸீனின் புடாபெஸ்டில் இந்த நாலும் இல்லை. பாலம் இருந்தது, கோட்டை இருந்தது, நதிக்கு நடுவே மார்கரெட் தீவு இருந்தது. ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும், தான் நன்றாகச் சாப்பிட்டதாகவும் கம்பளிச் சட்டை போட்டிருப்பதாகவும் நேரத்துக்குத் தூங்கப் போவதாகவும் ஒரு வரி இருந்தது. தின்று தூங்கத்தான் ஒருவன் ஐரோப்பாவுக்குப் போவானா என்று மார்ஜரி அலுத்துக்கொண்டாள்.

"அஞ்சாவது உறை," என்றாள். "'பாராளுமன்றத்துக்குக் கிட்ட ஆற்றங்கரையில் நிறையச் சப்பாத்துகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் சப்பாத்துகூட இருந்தது. ஆற்றுக்கு இத்தனை மரியாதை கொடுக்கிற சனம். நானும் என்னுடையதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நடந்தேன்.' என்ன சொல்றே?"

"நல்ல பழக்கம்தானே. பள்ளி, கோயில், விகாரை, எங்க போனாலும் நாமளும் கழட்டுறோம். திரும்பி வரும்போது இருந்திச்சான்னு கேளுங்க. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல என் புதுச் செருப்பு போச்சு."

மார்ஜரி தன் போனில் அந்த இடத்தைத் தேடி எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அது கழட்டி வச்ச சப்பாத்து இல்ல. இரும்பு. அறுபது சோடி இரும்புல வார்த்து வச்சிருக்காங்க. நாப்பத்து நாலாம் வருசக் குளிருக்குள்ள யூத சனத்த அந்தக் கரையில வரிசையா நிக்க வச்சு, சப்பாத்தக் கழட்டச் சொல்லிட்டு ஆத்துக்குள்ள சுட்டுத் தள்ளினாங்க. அதோட நினைவுச் சின்னம்."

ஹுஸ்னி படத்தைப் பார்த்தான். சின்னப் பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்ததும் போனைக் கையால் விலக்கினான்.

"நேர்ல நின்னவன் கால் விரலால தட்டினாலே இரும்புன்னு தெரிஞ்சிருக்கும்," என்றாள் மார்ஜரி. "இவன் படத்த மட்டும் பார்த்திருக்கான். சோம்பேறிப் பொய். வாசல்ல செருப்பு கிடக்கிறதக் கண்டா உடனே குனிஞ்சு தன்னோடதக் கழட்டுறது நம்ம ஊர்ப் புத்தி. அத அப்படியே எழுதிட்டான். சரி, நீ எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவே?"

"மேற்க. வேற எங்க?"

"இவனும் அப்படித்தான். 'பெஸ்ட் கரையில் நின்றேன். ஆற்றுக்கு அப்பால் கோட்டை, அதற்குப் பின்னால் சூரியன் இறங்கியது. கோட்டையை நேரே பார்த்து மஃரிப் தொழுதேன்.' இப்ப இந்த மெப்பப் பாரு. புடாபெஸ்ட் இங்க. மக்கா எங்க?"

ஹுஸ்னி விரலை வைத்துக் கோடு இழுத்தான். கோடு கீழே கிழக்குப் பக்கமாகப் போனது. "தென்கிழக்கு," என்றான் மெதுவாக. "அல்லாஹ்வே, மக்காவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னிருக்கான். மாமனாரும் அதக் கடையில வாசிச்சிருக்கார். ஒரு வியாபாரிக்கும் உறைக்கல்ல."

"உனக்கு உறைச்சுதா?"

"நான் பிஸ்கட் சாப்பிடாமலே தலையாட்டினேன் மிஸ், அதுதான் வித்தியாசம்."

மீதியையும் ஹாஜியாரின் போனிலிருந்து ஹுஸ்னி தன் போனுக்கு மாற்றி வைத்திருந்தான். மார்ஜரி அவை வந்த நேரங்களைப் பார்த்தாள். எல்லாம் பகல் ஒன்றே முக்காலுக்கும் இரண்டரைக்கும் இடையில். சனி, ஞாயிறு ஒன்றுமில்லை. பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை நாட்களிலும் ஒன்றுமில்லை.

"டான்யூப் நதி போயாவுக்கு லீவு போல," என்றான் ஹுஸ்னி.

"அரசாங்க லீவு பார்த்து லீவு எடுக்கிற இடத்துல இருக்கான். இந்த நாட்டுலதான். எங்கயோ ஒரு காரியாலயத்துல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துகிட்டு, பகல் சாப்பாடு முடிஞ்சதும் பொண்டாட்டிக்குக் கதை விடுறான்."

"இன்னொண்ணு மிஸ். அந்த ஊர்ல பொம்பளையே கிடையாது. பாலத்துல ஆம்பிளை, பூங்காவுல ஆம்பிளை, வெந்நீர்க் குளத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு செஸ் விளையாடுறவங்களும் ஆம்பிளை."

"மாமனார் வாசிப்பாருன்னு பயந்திருப்பான்," என்று மார்ஜரி அதைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு இப்போது ஆள்தான் வேண்டும். "ஹாஜியார் ஒரு சூட்கேஸ் வாங்கிக் குடுத்ததாச் சொன்னாரே?"

"பெரிய சிவப்பு சூட்கேஸ். நாலு சக்கரம். அவரே கொழும்பு பஸ்ல ஏத்திவிட்டாராம்."

"மனுசன் ஒளியலாம். சிவப்பு சூட்கேஸ் ஒளியாது. பஸ் ஸ்டாண்ட்ல விசாரி."

இருபது நிமிடத்தில் ஹுஸ்னி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். "டிலக்சன்னு ஒரு கண்டக்டர். லக்கல பஸ். ஹாஜியார் கொழும்புக்கு ஏத்திவிட்ட மூணாம் நாள், சூட்கேஸோட ஒருத்தன இவன் லக்கலைக்கு ஏத்திட்டுப் போயிருக்கான். லக்கலைக்கு மண்வெட்டியோட போவாங்க, உர மூட்டையோட போவாங்க, சக்கரம் வச்ச சூட்கேஸோட போனது இவன் ஒருத்தன்தானாம். இறக்கிவிட்ட இடமும் ஞாபகம் இருக்காம்."

"லக்கலையில என்ன காரியாலயம் இருக்கு, ஃபேனுக்குக் கீழ உட்கார?"

"யானைங்க நடத்துற காரியாலயம்தான் மிஸ்."

நாவுல என்ற சிற்றூரைத் தாண்டி ஆட்டோ உள்ளே திரும்பும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வழி முழுக்க மார்ஜரி தான் அவனைக் கேட்கப் போகிற கேள்விகளை மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தாள். அத்தனையும் குத்தலான கேள்விகள். ஒவ்வொன்றும் அவளுக்கே பிடித்திருந்தது.

டிலக்சன் சொன்ன இடத்தில் ஒரு பெட்டிக்கடை. சூட்கேஸ்காரன் என்றதும் கடைக்காரர் காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையைக் கையால் காட்டினார். பாதை முடிந்த இடத்தில் காட்டை வெட்டிச் சோளமும் பூசணியும் போட்ட ஒரு சேனை நிலம். அதன் நடுவே மரத்தின்மேல் ஒரு காவல் குடில். மரத்தடியில் சிவப்பு சூட்கேஸ் திறந்து கிடந்தது. அதற்குள் யானை விரட்டுகிற வெடிகளை ஈரம் படாமல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஹுஸ்னியின் ஸலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒருவன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். கறுத்து, மெலிந்து, கன்னத்தில் எலும்பு தெரிகிற ஆள். சாரனை மடித்துக் கட்டியிருந்தான்.

"டான்யூப் நதி இன்னைக்கு எப்படி?" என்றாள் மார்ஜரி.

"எது மிஸ்?" அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க வன இலாகாவா?"

"உங்க மாமனார் அனுப்பினாரு. நீங்கதானே றம்ஸீன்?"

அவன் அப்படியே ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டான். "கண்டுபிடிச்சிட்டாரா?"

"அவருக்கு எங்க அதுக்கு மூளை? நான் கண்டுபிடிச்சேன். எட்டு மாசமா ஒரு பொண்ண உட்கார வச்சுக் கதை விட்டிருக்கீங்களே, அதையாவது ஒழுங்கா விடக்கூடாதா? ஆத்தங்கரையில சப்பாத்தக் கழட்டி வச்சீங்களே, அது என்ன சப்பாத்து தெரியுமா?"

"என்ன சப்பாத்து?"

அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். வெறுங்கால். நடிக்கிறான் என்று மார்ஜரி நினைத்தாள். இப்படி நடித்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"மக்காவுக்கு முதுகக் காட்டித் தொழுதீங்களே, கோட்டையப் பார்த்து?"

"எந்தக் கோட்டை?"

"சரி, அத விடுங்க. சங்கிலிப் பாலத்து முனையில என்ன இருக்கு?"

அவன் யோசித்தான். உதவி கேட்கிறமாதிரி ஹுஸ்னியைப் பார்த்தான். "பொலிஸா?" என்றான்.

ஹுஸ்னி சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். மார்ஜரி கையை நீட்டினாள். "போனக் காட்டுங்க."

அவன் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது பொத்தான் போன். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் வளையம் போட்டிருந்தது. படம் அனுப்புவது கிடக்கட்டும், அதில் நேரம் தெரிவதே பெரிய காரியம்.

"வாட்ஸ்அப் உள்ள போன் எங்க?"

"ஜெஸ்லாகிட்ட. நான் வந்த அன்னைக்கே சிம்மோட குடுத்திட்டேன். இங்க சிக்னலும் இல்ல, கரண்டும் இல்ல."

"போயா அன்னைக்கு உங்களுக்கு இங்க லீவா?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே தன் குரல் இறங்கிவிட்டதை மார்ஜரி உணர்ந்தாள்.

"யானைக்கு ஏது மிஸ் போயா? வருசம் முழுக்க வருது."

மார்ஜரி பொத்தான் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவனைப் பார்க்காமல், "ஹுஸ்னி, உன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும்?" என்றாள்.

"ஒண்ணரைக்கு. நான்தானே போய் ஏத்..." ஹுஸ்னி பாதியில் நிறுத்தினான். "அந்த டீச்சர்."

ஒன்றரைக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் போவார்கள். வகுப்பறை காலியானதும் மேசை லாச்சியிலிருந்து கணவனின் போனை எடுத்து எழுத உட்கார்ந்தால் ஒன்றே முக்கால் ஆகும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் பள்ளிக்கூடம் இல்லை. அந்தப் புடாபெஸ்டில் ஒரு பெண்கூட இல்லாமல் போனதற்கும் இப்போது காரணம் தெரிந்தது. புருஷனைத் தனியாக ஓர் ஊருக்கு அனுப்புகிற எந்த மனைவியும் அந்த ஊரை முதலில் காலி செய்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

எல்லாத் துப்பும் காலையிலேயே மேசையில்தான் கிடந்தது. மார்ஜரிதான் ஒரு சோம்பேறியைத் திட்டுகிற சந்தோஷத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தாள். இருபத்திரண்டு வருட அனுபவம் என்று பலகையில் எழுதி வைத்திருப்பதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

றம்ஸீன் சொன்னது சின்னக் கதை. ஏஜென்சிக்காரன் பயணத்துக்கு முதல் நாள் கொழும்பில் காணாமல் போனான். இவன் இரண்டு நாள் தேடி அலைந்துவிட்டு மாத்தளை பஸ் நிலையத்துக்குத் திரும்பி வந்தான். அங்கிருந்து மாமனார் வீட்டுக்கு நடக்கப் பத்து நிமிடம். நடக்கக் கால் வரவில்லை. ஜெஸ்லாவுக்குப் போன் பண்ணி அழுதான். அவள் பஸ் நிலையத்துக்கே வந்து அவனுடைய போனை வாங்கிக்கொண்டாள்.

"அவதான் யோசிச்சா. நம்ம ஹாட்வெயார் கடைக்கு வந்துபோன ரமேஸுக்கு இங்க சேனை இருக்கு, அங்க போய் நில்லுங்க, வாப்பாவ நான் சமாளிக்கிறேன்னா. மாசத்துக்கு ஒருக்கா கருத்தரங்குன்னு சொல்லிட்டு வந்து பார்த்துட்டுப் போவா. அடுத்த மாசம் சோளம் உடைச்சா நாவுலயில ஒரு வீடு எடுத்துடலாம். அதுவரைக்கும் எப்படிச் சமாளிக்கிறேன்னு கேட்டா, சிரிப்பா, சொல்லமாட்டா." அவன் மார்ஜரியின் கையிலிருந்த உறைகளைப் பார்த்தான். "அதுல அவ எழுதினது இருக்கா? கொஞ்சம் வாசிங்களேன்."

மார்ஜரி வாசித்தாள். காலையில் மூக்கைச் சுளித்து வாசித்த அதே வரிகள். சங்கிலிப் பாலம், கல் சிங்கங்கள், நதிக்கு நடுவே மரங்கள் நிறைந்த தீவு. றம்ஸீன் ஒரு நல்ல ஊரில், நல்ல வெயிலில், யாருக்கும் பயப்படாமல் நடந்து திரிந்தான். நன்றாகச் சாப்பிட்டான். கம்பளிச் சட்டை போட்டிருந்தான். நேரத்துக்குத் தூங்கினான். இரவெல்லாம் யானைக்குக் கண் விழித்து, மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்று கொண்டிருந்தவனுக்காக ஒருத்தி வகுப்பறையில் உட்கார்ந்து இத்தனையும் எழுதியிருந்தாள். மூன்றாவது உறை முடிவதற்குள் அவன் எழுந்து சோளத்துக்குள் போய் நின்றுகொண்டான்.

திரும்பி வந்தவன், "மாமாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றான்.

"உண்மையத்தான். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

"சொன்னா நாளைக்குக் காதியார்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாரே."

மார்ஜரி உறைகளைச் சேர்த்துக்கொண்டு பாதையில் நடந்தாள். ஆட்டோவில் ஏறியதும் ஹுஸ்னி, "சோம்பேறிப் பொய்னீங்களே மிஸ்," என்று தொடங்கினான்.

"வாய மூடிக்கிட்டு ஓட்டு."

அவன் நாவுலவரை மூடிக்கொண்டு ஓட்டினான். அது அவனுக்கு ஒரு சாதனை.

ஹாஜியார் வீட்டு முன்கூடத்தில் ஒரு மெத்தைக் கதிரையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார். மகள் ஜெஸ்லா தேத்தண்ணித் தட்டோடு வந்து, மார்ஜரியின் கையிலிருந்த உறைகளைக் கண்டதும் நின்றாள். முப்பது வயதிருக்கும். சோக்கட்டியின் வெள்ளை இன்னும் நகத்திலிருந்து போகவில்லை.

"அவளும் இருக்கட்டும்," என்றார் ஹாஜியார். "அவ காதாலயே கேட்கட்டும். சொல்லுங்க மிஸ். அவன் அங்க இருக்கானா?"

"இல்ல. போகவே இல்ல."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. மகளுடைய வாழ்க்கை உடைந்த சேதிக்கு இப்படி மலர்கிற முகத்தை மார்ஜரி இதற்குமுன் பார்த்ததில்லை. "கேட்டியா மகள்? எட்டு மாசமா உன்னப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கான். ஒவ்வொரு வரியும் பொய்."

"வரிகள் பொய்தான்," என்றாள் மார்ஜரி. "ஆனா அதுல ஒரு வரிகூட அவர் எழுதினதில்ல. எழுதினவங்க யாருன்னும் எனக்குத் தெரியும். அத நான் சொல்றத விட அவங்க சொல்றதுதான் முறை."

ஜெஸ்லா தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். ஷோலின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான் எழுதினேன், வாப்பா."

ஹாஜியார் போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அதற்குப் பிறகு கோபப்படுவார் என்று மார்ஜரி எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. மகளே ஊர்க் கதை எழுதி வாப்பாவை வாசிக்க வைத்தாள் என்று மிளகுக் கடையில் பேசினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கும் தெரியுமா?"

"எங்க மூணு பேருக்கும் உங்க மருமகனுக்கும் மட்டும்தான்," என்றான் ஹுஸ்னி.

"நல்லது. அப்ப காதியார் வேணாம்." ஹாஜியார் மறுபடி உட்கார்ந்தார். குரல் வியாபாரக் குரலாக மாறியிருந்தது. "இங்க பாரு மகள், நடந்தது நடந்துட்டு. நீ வழமை போல எழுதிக்கிட்டே இரு. நல்லாத்தானே எழுதுறே. இன்னொரு வருசம் போகட்டும். பிறகு அவன் அங்கேயிருந்து வந்தமாதிரி ஏர்போட்டுக்கு வேன் பிடிச்சுப் போய்க் கூட்டிட்டு வருவோம். ரெண்டு பெட்டி சொக்லட் கொழும்புல வாங்கிக்கலாம்."

"ஒரு வருசம் அவர் லக்கலைக் காட்டுல யானைக்குக் காவலா மரத்து மேலயா இருக்கணும்?"

"எட்டு மாசம் இருந்தவனுக்கு ஒரு வருசம் என்ன? நீயும் யோசி. ஊர்ல எனக்கு ஒரு முகம் இருக்கு."

"அவர் எப்படி இருக்கார்னு கேட்கவே இல்லையே, வாப்பா." ஜெஸ்லா அதைச் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். ஹாஜியார் சாத்திய ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் மேசையிலிருந்த போனை எடுத்து வாப்பாவின் கைக்குள் வைத்தாள். "நான் நாள் முழுக்க வீட்டுல உங்களுக்குப் பயந்து, பள்ளிக்கூடத்துல எழுதிக்கிட்டே இருந்தேன். இனி முடியாது. வேணும்னா நீங்களே எழுதுங்க."

உள்ளே போனவள் ஐந்து நிமிடத்தில் ஒரு பையோடு வந்தாள். ஹாஜியார் எழுந்திருக்கவில்லை. வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஆட்டோக்காரனை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "ஹுஸ்னி காக்கா, லக்கலைக்கு இப்ப பஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

"பஸ் போயிருக்கும் தங்கச்சி. வண்டியும் நானும் இங்கதான் இருக்கோம்."

"திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கே," என்றாள் மார்ஜரி.

"நாவுலயிலேயிருந்து விடியப்புறம் பஸ் இருக்கு மிஸ். பார்த்து வச்சிருக்கேன்."

மார்ஜரி அவளுக்கு இடம் விட்டுப் பின்சீட்டில் ஒதுங்கி உட்கார்ந்தாள். இன்றைய வேலைக்கு ஹாஜியாரிடம் எதுவும் வாங்கப்போவதில்லை என்று ஹுஸ்னியிடம் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான்.

ஊரைத் தாண்டி நாவுல வீதியில் ஏறியபோது ஜெஸ்லாவின் சொந்த போன் ஒலித்தது. குடும்பக் குழுவில் றம்ஸீனின் பெயரில் புதிய செய்தி. "இன்று புடாபெஸ்டில் நல்ல வெயில். பாலத்தில் நடந்தேன். மாமாவின் துஆவால் சுகமாக இருக்கிறேன்." அதன் கீழே உறவுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மாஷா அல்லாஹ் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெஸ்லா அதை மார்ஜரிக்குக் காட்டினாள். பிறகு தன் பெயரில் ஒரு பதில் தட்டினாள். "இது வாப்பா எழுதினது. என் புருஷன் லக்கலையில இருக்கார், நான் அங்க போறேன்." அதை அனுப்பிவிட்டு, யாரும் பதில் எழுதுவதற்குள் குழுவிலிருந்து விலகினாள்.